டிஆர்எல் வயரிங்: கடையில ரெண்டு தடவ பண்ணியும் சரியில்ல, பேட்டரி வேற படுத்துருச்சு, நானே பண்ணலாமா?

கரூர்_காளை

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. வண்டி 2019 மாடல், ஏழு சீட்டு பெட்ரோல், ஸ்மார்ட் ஹைப்ரிட். அப்பாதான் அதிகமா ஓட்டுவாரு. நான் வாங்குனது கீழ் வேரியண்ட், அதுல டிஆர்எல் (பகல்ல முன்னாடி எரியற லைட்டு) வராது, அதனால போன வருஷம் ஒரு ஆக்சஸரிஸ் கடையில வெளி மார்க்கெட் செட்டு ஒண்ணு போட்டோம். ரெண்டு எல்இடி பட்டை, நடுவுல தீப்பெட்டி சைஸ்ல ஒரு கறுப்பு மாட்யூல். சிவப்பு வயர் நேரா பேட்டரி ப்ளஸ், கறுப்பு மைனஸ், வெள்ளை வயர் பார்க் லைட்டுக்கு (லைட் சுவிட்ச்சத் திருகுனதும் முதல்ல எரியற சின்ன லைட்டு). "சார் வண்டிய ஸ்டார்ட் பண்ணா தானா எரியும், ஆஃப் பண்ணா தானா அணையும்"னாரு.

ஊருக்குள்ள ஓட்டும்போது ஒழுங்காத்தான் எரிஞ்சது. ஹைவேல ஏறி ஒரே ஸ்பீடுல போனா பட்டுனு அணைஞ்சிரும், பிரேக் புடிச்சா மறுபடி எரியும். எதிர்ல வர்றவன் நான் ஏதோ சிக்னல் குடுக்கறேன்னு நினைச்சு பதிலுக்கு டிப் அடிப்பான். கடைக்குப் போய் சொன்னேன், அவரு மாட்யூலக் கழட்டி வீசிட்டு ஸ்டீயரிங்குக்கு கீழ ஒரு சுவிட்ச் வச்சு குடுத்துட்டாரு. "இனி பிரச்சனையே வராது சார்."

போன மாசம் முசிறில கல்யாணம். முந்தின நாள் சாயந்திரம் மண்டபத்துல வண்டிய விட்டாரு அப்பா, காலைல முகூர்த்தம் முடிஞ்சு சாவியப் போட்டா டிக் டிக்குங்குது, செல்ஃப் எடுக்கல. சுவிட்ச் ஆன்லயே இருந்திருக்கு. டிரைவர் சீட்ல இருந்து பாத்தா டிஆர்எல் எரியறது தெரியவே தெரியாதுங்க. பட்டுவேட்டி கட்டின ஆறு பேரு ஜம்ப்பர் கேபிள் தேடி மண்டபம் மண்டபமா அலைஞ்ச கதைய அப்பா இன்னும் சொல்லிக் காட்டறாரு.

மல்டிமீட்டர் இருக்கு, சால்டரிங் ஓரளவு வரும். கேள்வி மூணு. கரண்ட் எங்க இருந்து எடுக்கறது? ராத்திரி ஹெட்லைட்டோட சேர்த்து டிஆர்எல்லும் முழுசா எரிய வைக்கலாமா, பாக்க கெத்தா இருக்கும். இண்டிகேட்டர் போட்டா மஞ்சளா ஓடற மாதிரி பண்ணலாமா?

நெல்லை_லாந்தர்

ஏல மாப்ள, ராத்திரி பூரா லைட்ட எரிய விட்டுட்டு மண்டபத்துல கேசரி தின்னா பேட்டரி என்னல பண்ணும். சும்மா சொல்லுதேன், கோவிச்சுக்காத. எங்க சித்தப்பா வண்டியிலயும் இதே சுவிட்ச் கதைதான், அவரு மறக்கக் கூடாதுன்னு சாவிக்கொத்துல ஒரு சிவப்பு நாடா கட்டி வச்சாரு, இப்பம் அந்த நாடா எதுக்குன்னே மறந்துட்டாரு.

ஓம்ஸ்லா

சுவிட்ச விடுங்க, முதல் பிரச்சனைதான் சுவாரஸ்யமானது. அந்த மாட்யூலுக்கு இன்ஜின் ஓடுதா இல்லையான்னு நேரா தெரியாது, பேட்டரி வோல்ட்டேஜப் பாத்து யூகம் பண்ணும். இன்ஜின் நின்னுட்டிருந்தா நல்ல பேட்டரி 12.6 கிட்ட நிக்கும், டைனமோ சார்ஜ் ஏத்தும்போது 14க்கு மேல போகும், நடுவுல 13 சொச்சத்துல ஒரு கோடு போட்டு வச்சிருப்பான், அதுக்கு மேலன்னா எரி, கீழன்னா அணை. பழைய வண்டில இது ஒழுங்கா வேலை செய்யும். உங்களுது ஸ்மார்ட் ஹைப்ரிட், அதுல பெட்ரோல் மிச்சம் பண்ண கம்ப்யூட்டரே சார்ஜிங்க குறைக்கும், காலத் தூக்குனா இல்ல பிரேக் புடிச்சா அந்த ஓட்டத்துலயே கரண்ட் தயாரிச்சு ஏத்தும். ஒரே ஸ்பீடுல போகும்போது வோல்ட்டேஜ் இறங்குது, மாட்யூல் "ஓஹோ இன்ஜின் நின்னுபோச்சு"ன்னு நினைச்சு அணைக்குது. மாட்யூல் கெட்டுப்போகல, உங்க வண்டிக்கு அது ஒத்துவராத சாமான், அவ்வளவுதான்.

நம்பலன்னா அளந்து பாருங்க. டேஷ்போர்டு 12 வோல்ட் சாக்கெட்லயே மீட்டர் வச்சா போதும், ஆனா ஓட்டிக்கிட்டே மீட்டரப் பாக்காதீங்க, பக்கத்துல ஒரு ஆள உக்கார வைங்க.

கரூர்_காளை

அளந்தாச்சு! தங்கச்சிய பக்கத்துல உக்கார வச்சு திண்டுக்கல் ரோட்டுல அரவக்குறிச்சி வரைக்கும் போய்ட்டு வந்தோம், அவ நோட்டுல எழுதிட்டே வந்தா. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன 12.5. ஸ்டார்ட் பண்ணதும் 14.3. எம்பதுல ஒரே சீரா போகும்போது 12.7, 12.8. டோல் கேட் பாத்து காலத் தூக்குனதும் மடமடனு 14.6. அப்படியே நீங்க சொன்னதுதான். ஒரு வருஷமா அந்தக் கடைக்காரர மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன், மாட்யூலுக்கும் அவருக்கும் ரெண்டு பேருக்குமே புரியல போல.

ரிலே_மாமா

ஏனுங் தம்பி, நாப்பது வருசமா கோயமுத்தூர்ல வண்டி வயரிங் பாக்கறேன். இந்த வோல்ட்டேஜப் பாத்து எரியற சமாச்சாரம், கையில ஓடற சுவிட்ச்சு, ரெண்டையும் தூக்கி அக்கட்டால வீசு. உனக்கு வேணுங்கறது ஒரே ஒரு அஞ்சு கால் ரிலே (கரண்ட் குடுத்தா தானா மாறிக்கற சுவிட்ச்சு), ஒரு ஃபியூஸ் டேப் (இருக்கற ஃபியூஸ் எடத்துல இருந்து தனி ஃபியூஸோட ஒரு வயரு பிரிச்சு எடுக்கற சாமான்), மூணு ஆம்ப் ஃபியூஸ் ஒண்ணு, முக்கா ஸ்கொயர் வயரு நாலு மீட்டர். தீந்துது.

சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற ஃபியூஸ் ஒண்ணத் தேடு. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், இந்த நாலு பக்கமும் கையே வெக்காத சாமி. வைப்பரு இல்லாட்டி ஏசி ப்ளோயர் ஃபியூஸ் நல்லது, பெரும்பாலும் செல்ஃப் அடிக்கும்போது அந்த லைன் கட்டாகி அப்புறமா வரும், அதனால டிஆர்எல்லும் ஒரு நொடி சும்மா இருக்கும். அங்க இருந்து எடுத்து ரிலேயோட 30ம் காலுக்குக் குடு. 87ஏ கால்ல இருந்து ரெண்டு டிஆர்எல்லுக்கும் போகட்டும். 86க்கு பார்க் லைட் வயரு. 85 எர்த்து. 87 காலி, ஆனா அதச் சும்மா உடாத, பார்க் லைட் போட்டா அந்தக் கால்ல கரண்ட் நிக்கும், ஸ்லீவ் போட்டு மூடு.

இப்ப பாரு. சாவி போட்டா 87ஏ வழியா டிஆர்எல் எரியும். லைட் சுவிட்ச்சத் திருகுனா ரிலேக்குள்ளார இருக்கற காயில் இழுக்கும், 87ஏ உட்டுப்போகும், டிஆர்எல் அணையும். சாவி எடுத்தா எல்லாம் செத்துரும். உங்கொப்பன் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்ல.

டிஆர்எல் ரெண்டும் சேர்ந்து எத்தன ஆம்ப் இழுக்குது? அதையும் அளந்து சொல்லு.

கரூர்_காளை

மாமா ரெண்டும் சேர்ந்து 1.4 ஆம்ப் காட்டுது. முசிறில சாயந்திரம் ஏழு மணில இருந்து காலைல ஒம்பது வரைக்கும் பதினாலு மணி நேரம்னு வச்சா 19.6 ஆம்ப்-ஹவர் போயிருக்கு. நம்ம பேட்டரி 35 ஆம்ப்-ஹவர், மூணு வருஷம் ஆச்சு. எப்படி எந்திரிக்கும்.

ஓம்ஸ்லா

மாமா சொன்ன சர்க்யூட் சரி, ரெண்டு விஷயம் மட்டும் சேக்கறேன்.

ஒண்ணு, ஃபியூஸ் டேப்ப மாட்டுற திசை. பாக்ஸ்ல ஃபியூஸ எடுத்துட்டு ரெண்டு ஓட்டைலயும் மீட்டர் வச்சுப் பாருங்க, எதுல 12 வோல்ட் வருதோ அதுதான் கரண்ட் வர்ற பக்கம். டேப்போட வயர் இல்லாத கால் அந்தப் பக்கம் வரணும். திருப்பி மாட்டுனாலும் எரியும், அதுதான் வம்பு, ஆனா அப்போ உங்க டிஆர்எல் கரண்ட்டும் பழைய ஃபியூஸ் வழியாவே போகும். டிஆர்எல் வயர் எங்கயாவது பாடில உரசுனா வைப்பர் ஃபியூஸும் சேர்ந்து போகலாம், அதுவும் மழைல.

ரெண்டு, காயில் குறுக்க ஒரு டையோடு, அதாவது கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடற சின்ன சாமான். ரிலே காயில் விடுபடும்போது ஒரு எதிர் வோல்ட்டேஜ் எகிறும், சும்மா விட்டா நூறு வோல்ட்டுக்கு மேலயும் போகும். பழைய வண்டில பார்க் லைட் லைன்ல சுவிட்ச் மட்டும்தான், தாங்கிடும். இப்போ அந்த லைன ஓட்டறது பிசிஎம்னு ஒரு கம்ப்யூட்டர் பொட்டி. 1என்4007ங்கற டையோடு ஒரு ரூபா ரெண்டு ரூபாதான், வெள்ளிக் கோடு இருக்கற முனை 86 பக்கம், இன்னொண்ணு 85. மாத்தி வச்சா பார்க் லைட் போட்ட உடனே ஷார்ட்.

ரிலே_மாமா

நாப்பது வருசத்துல நான் ஒரு டையோடும் வெச்சதில்ல தம்பி. ஒரு வண்டியும் எங்கிட்ட திரும்பி வந்ததில்ல.

ஓம்ஸ்லா

மாமா, திரும்பி உங்ககிட்ட வரலன்னா, பிசிஎம் போய் ஷோரூம் போயிருப்பாங்களோ என்னவோ :)

ரிலே_மாமா

கொழுப்புதான் உனக்கு. செரி, உண்மையச் சொல்லிப்போடறேன். ரெண்டு வருசத்துக்கு முன்ன புது வண்டி ஒண்ணுக்கு ஹாரன் ரிலே வெச்சேன். ஹாரன விடும்போதெல்லாம் ஸ்டீரியோ ஒருக்கா செத்துப் பொழைச்சுது. மூணு நாள் மண்டைய ஒடைச்சேன், எர்த்த மாத்துனேன், வயர மாத்துனேன். கடைசில என்ற பேரன் வந்து டையோடு உள்ளயே இருக்கற ரிலே ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டுனான், நின்னுபோச்சு. தம்பி, கடையில கேக்கும்போதே டையோடு வெச்ச ரிலேன்னு கேட்டு வாங்கிக்க. அதுல மட்டும் 85, 86 மாத்திக் குடுத்துப்போடாத.

டீசல்_தோழர்

குறுக்க வர்றேன். போலீஸ் புடிச்சா? எங்க ஏரியால சைலன்சர் மாத்துனவன், கலர் லைட் போட்டவன் எல்லாம் ஃபைன் கட்டிட்டு இருக்கான்.

ஓம்ஸ்லா

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் அழுத்திச் சொல்லுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபா ஃபைன், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும்னு இருக்கு. அதனால வெளி மார்க்கெட் லைட்டுக்கு "இது முழுசா லீகல்"னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மேல் வேரியண்ட்ல வர்ற கம்பெனி டிஆர்எல் செட்டையே வாங்கி அதுக்குரிய கப்ளர்ல மாட்டுறது எவ்வளவோ மேல். செலவு ஜாஸ்திதான். முன்னாடி செவப்பு நீலம் மின்ன விடறவங்களுக்காக நான் பேச வரல.

ஸ்கார்பரோ_சுதன்

தம்பி, நான் கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிறன், உங்கட ரெண்டாவது கேள்விக்கு மட்டும் ஒரு கதை சொல்லுறன். இஞ்ச 1989 டிசம்பர் 1க்குப் பிறகு செய்த புது வாகனம் எல்லாத்துக்கும் பகல் லைற் கட்டாயம். நான் வந்த புதுசில ஓடின பழைய காரில தனி லைற் கிடையாது, ஹை பீமையே குறைஞ்ச பவரில எரிய விட்டிருந்தவங்கள்.

பிரச்சினை என்னெண்டா பின்னேரம். முன்னுக்கு பகல் லைற் எரியுது, டாஷ்போர்டும் வெளிச்சமாக் கிடக்கு, ரோட்டும் ஓரளவு தெரியுது. ஓடுறவர் லைற் போட்டாச்செண்டு நினைச்சுக்கொண்டு போவார். பின்னால பாத்தா ஒரு லைற்றும் இல்லை, கறுப்பு. பேய் வாகனம் எண்டுதான் இஞ்ச சொல்லுறது. 401 ஹைவேயில மழைக்குள்ள ஒருக்கா எனக்கு முன்னுக்கு அப்பிடி ஒண்டு போனது, நான் பிரேக் அடிச்ச அடியில பின் சீற்றில கிடந்த மரக்கறிப் பை முழுக்கக் கீழ. கடைசியா அரசாங்கம் 2021 செப்டம்பரில இருந்து புது வாகனங்களுக்கு விதி போட்டது: ஒண்டில் பகல் லைற்றோட பின் லைற்றும் எரியவேணும், இல்லாட்டி இருட்டினா எல்லா லைற்றும் தானா வரவேணும், இல்லாட்டி லைற் போடுமட்டும் டாஷ்போர்டு இருட்டாக் கிடக்கவேணும்.

அப்பாதான் ஓடுறவர் எண்டு எழுதியிருக்கிறியள். வயரிங் முடிஞ்ச பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாகனத்துக்குப் பின்னால நிண்டு காட்டுங்கோ.

ஓம்ஸ்லா

சுதன் அண்ணன் சொன்னதுக்கு மேல என்ன இருக்கு. ராத்திரி முழுசா எரிய விடற யோசனைக்கு கணக்கு மட்டும் சொல்றேன். ஐரோப்பா விதிகள்படி டிஆர்எல் வெளிச்சம் 400ல இருந்து 1200 கேண்டெலா வரை, ஹெட்லைட் போட்டா தானா அணையணும். முன்பக்க பார்க் லைட்டுக்கு உச்ச வரம்பே 140தான். அதாவது டிஆர்எல்ல வச்சே ராத்திரி கெத்து காட்டணும்னா அத பார்க் லைட் அளவுக்கு மங்க வைக்கணும், முழுசா விட்டா எதிர்ல டூவீலர்ல வர்றவன் கண்ணு போயிடும். பகல்ல சூரியனோட போட்டி போட செஞ்ச லைட் அது. மங்க வைக்கறதும் ஒரு ரெசிஸ்டர் போட்டு நடக்கற வேலை இல்ல, பட்டைக்குள்ள கரண்ட்ட சீரா வச்சுக்கற டிரைவர் சர்க்யூட் இருந்தா அது விடாம அதே கரண்ட்ட இழுக்கப் பாக்கும். அணைச்சிருங்க.

நெல்லை_லாந்தர்

மஞ்சள் இண்டிகேட்டர் யோசனையையும் கையோட தலை முழுகிரு மாப்ள. எங்க தெருவுல ஒருத்தன் இண்டிகேட்டர் பல்பையும் எல்இடியா மாத்தி, அது வேகமா மின்னுதுன்னு தங்கக் கலர் ரெசிஸ்டர் ஒண்ண பம்பர் பிளாஸ்டிக்லயே டேக் போட்டுக் கட்டிட்டான். பாளையங்கோட்டை மார்க்கெட் கிட்ட ஹசார்டு போட்டுட்டு கால் மணி நேரம் நிறுத்திருக்கான், திரும்பி வந்தா பம்பர்ல ரெசிஸ்டர் சைஸுக்கு ஓட்டை. அல்வா மாதிரி உருகிருந்துச்சு கேட்டியா.

ஓம்ஸ்லா

6 ஓம் ரெசிஸ்டரா இருக்கும். 14 வோல்ட்டுக்கு 2.3 ஆம்ப், எரியற நேரம் முழுக்க 32 வாட் சூடு. சால்டரிங் அயர்னே 25 வாட்டுதான். மின்னும்போது பாதி நேரம் அணைஞ்சிருக்கும், சரி, இருந்தாலும் பிளாஸ்டிக்குக்கு அது போதும். இரும்புல போல்ட் போட்டு இறுக்கணும் அத.

கரூர்_காளை

ஞாயித்துக்கிழமை முடிச்சேன் மக்களே. காலைல ஒம்பதுக்கு ஆரம்பிச்சு மத்தியானம் மூணு ஆச்சு, அதுல ரெண்டு மணி நேரம் பழச பிரிக்கறதுக்கே.

கடைக்காரர் பண்ண வேலையப் பாக்கணுமே. ஹாரனுக்குப் போற லைன்ல ஒரு நீல கிளிப்ப கடிக்க விட்டு அதுல இருந்து சுவிட்சுக்கு கரண்ட் எடுத்திருக்காரு, ஃபியூஸே தனியா இல்ல. கிளிப்பத் திறந்தா உள்ள வயரோட செம்பு இழை பாதி வெட்டுப்பட்டு, மிச்சம் பச்சை பூத்துப் போயி கிடக்கு. போன மழைல இருந்து ஹாரன் ஏன் தொண்டை கட்டின மாதிரி கத்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. டேப் எல்லாம் இன்ஜின் சூட்டுல உருகி கோந்து வழிஞ்சு, டிஆர்எல் வயர் ரேடியேட்டர் பக்கத் தகட்டு ஓரத்துல உரசி உரசி தோல் வெள்ளையாயிருச்சு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா ஃபியூஸ் இல்லாத வயர் தகட்டுல பட்டிருக்கும், அத யோசிச்சா வயித்தக் கலக்குது.

வெட்டுப்பட்ட எடத்த சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். பின் வைப்பர் ஃபியூஸ்ல டேப், திசை மீட்டர் வச்சுப் பாத்துதான் மாட்டுனேன். பார்க் லைட் வயர நெட்ல இருந்த கலர நம்பாம, ஹெட்லைட் கப்ளர் பின்னாடி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்து கண்டுபுடிச்சேன், நெட்ல சொன்ன கலருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ரிலேய பேட்டரி பக்கத்துல கால் கீழ பாத்த மாதிரி நட்டு போட்டு மாட்டிருக்கேன், தண்ணி நிக்காம இருக்கட்டும்னு. எர்த்து பாடி போல்ட்ல, பெயிண்ட்டச் சுரண்டிட்டு.

முதல் தடவ சாவி போட்டேன், எரியல! பத்து நிமிஷம் வேர்த்துருச்சு. ரிலேல 87க்கும் 87ஏக்கும் மாத்தி குத்திருக்கேன், அந்த சின்ன எழுத்து என் கண்ணுக்குத் தெரியல, தங்கச்சிதான் டார்ச் அடிச்சுப் படிச்சுச் சொன்னா. மாத்துனதும் சாவி போட்டா எரியுது, லைட் போட்டா டக்குனு ஒரு சத்தம், அணையுது.

ரிலே_மாமா

சபாசு. அந்த டக்கு சத்தம்தான் எனக்கு சங்கீதம். வண்டியப் பூட்டி அரை மணி நேரம் தூங்க உட்டு, அப்புறம் பேட்டரி மைனஸக் கழட்டி நடுவுல மீட்டர் வெச்சு எவ்வளவு ஒழுகுதுன்னு பாத்தியா? மீட்டர்ல ஆம்ப் ஓட்டைக்கு வயர மாத்திக் குத்தோணும், இல்லீனா உள்ள ஃபியூஸ் போயிரும். மீட்டர் மாட்டும்போது வண்டி ஒருக்கா முழிச்சுக்கும், மறுபடி தூங்கற வரைக்கும் பொறு.

கரூர்_காளை

பாத்தேன் மாமா, 0.02 ஆம்ப். புது வயரிங்க கழட்டிட்டும் பாத்தேன், அதே 0.02தான்.

ரிலே_மாமா

அது வண்டியோட சொந்த ஒழுக்கு. 0.05 வரைக்கும் பயமில்ல.

கரூர்_காளை

ஒரு வாரம் கழிச்சு அப்டேட். சுதன் அண்ணே, நீங்க சொன்னது நடந்தே போச்சு. அப்பா வியாழக்கிழமை பொழுதோட குளித்தலைல இருந்து வந்துட்டு இருந்திருக்காரு, டிஆர்எல் எரியுது, எல்லாம் எரியுதுன்னு நினைப்பு. பின்னாடி வந்த டவுன் பஸ் டிரைவர் ஓவர்டேக் பண்ணி ஜன்னல்ல இருந்து "யோவ் பெருசு, பின்னாடி லைட்டே இல்ல"ன்னு கத்திட்டுப் போயிருக்காரு.

வீட்டுக்கு வந்ததும் கூட்டிட்டுப் போய் வண்டிக்குப் பின்னாடி நிக்க வச்சு, தங்கச்சிய சாவி மட்டும் போடச் சொன்னேன். முன்னாடி சுவத்துல வெளிச்சம் அடிக்குது, பின்னாடி கும்மிருட்டு. அப்புறம் லைட் சுவிட்ச். டக்கு, டிஆர்எல் அணைஞ்சு பின்னாடி சிவப்பு வந்துச்சு. ரெண்டு தடவ போட்டு அணைச்சுக் காட்டச் சொன்னாரு. கடைசில "அப்ப பொழுது சாஞ்சா நாந்தான் சுவிட்ச்சத் திருகணும், பகல்ல சூரியன் இருக்கு, இந்த லைட்டுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?"ன்னாரு. பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்க, இன்னும் முறைச்சுட்டே இருக்காரு.

ஸ்கார்பரோ_சுதன்

பகலில எதிர்ல வாறவனுக்கு உங்கட வாகனம் கொஞ்சம் முந்தித் தெரியும் எண்டு சொல்லுங்கோ. பஸ் டிரைவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுக்கவும் சொல்லுங்கோ.

டீசல்_தோழர்

இதே ரிலேய என் பைக்குக்கும் போட்டா பகல்ல ஹெட்லைட் அணைஞ்சிருமா? 2018 மாடல்.

நெல்லை_லாந்தர்

2017 ஏப்ரல்ல இருந்து வர்ற புது டூவீலர் ஹெட்லைட் எப்பவும் எரியணும்னுதான சட்டமே போட்டிருக்கான், அத அணைக்க இங்க வந்து வயரிங் கேக்கியே, மேல 5000 ரூபான்னு எழுதிருக்கறத வாசிச்சியாவே?